நாற்பது நிமிஷத்தில் கசந்துபோகும் பானம்

"ஹலோ... ஹலோ, ஃபுமினோ அக்காவா? நான் ரித்சுகோ... ஆமா, ஆமா, வேலை நேரம்னு தெரியும். ஸ்கூல் அண்டா கழுவுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது... இல்லக்கா, அப்பா நல்லாத்தான் இருக்கார். பதறாதே. அந்தப் பானம் மறுபடியும் கசந்துபோச்சு... அதேதான். நேத்தும்."

ஷிமாதா ஊரில் மூன்றாம் மாடி வீடு. ரித்சுகோ தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, மிக்ஸி ஜாடிக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை.

"என் கையாலதான் அடிச்சேன். மாச்சா தேயிலைத் தூள், பால், வாழைப்பழம், கிவி. அவ்வளவுதான். ஊத்தினதும் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன், அமிர்தமா இருந்துச்சு. ஃபிளாஸ்க்கில ஊத்தி, பஸ் ஏறி, நாற்பது நிமிஷம். முதியோர் இல்லத்துக்குப் போய் அப்பா வாயில வச்சா பாகற்காய்... கெட்டுப்போகலைக்கா! ஐஸ் போட்டிருந்தேன், இது நவம்பர் மாசம்... ஃபிளாஸ்க்கா? கொதிக்கிற தண்ணி விட்டுக் கழுவியாச்சு. அப்புறம் புதுசே வாங்கியாச்சு."

"தண்ணியா எதையும் குடுக்கக் கூடாது, புரையேறிடும். சோறு இறங்கலை, கஞ்சியைத் துப்புறார். மூணு வாரமா ரெண்டு வாயாவது உள்ள போறது இது ஒண்ணுதான், கெட்டியா வழுவழுன்னு இருக்குறதால... கிவி இல்லாமலா? குடுத்துப் பார்த்தேன். வாயையே திறக்கலை."

அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"மருந்து கலந்துட்டேங்கிறார்க்கா... ஆமா, போன மாசம் கலந்தேன். நான் இல்லைன்னா சொன்னேன்? நர்ஸ் சொன்னாங்கன்னு மாத்திரையைப் பொடிச்சுப் புட்டிங்ல போட்டேன். எண்பத்தோரு வயசுல பேர் மறக்குது, ஊர் மறக்குது, அது மட்டும் மறக்கலை... அழலை. அழலைன்னு சொல்றேன்ல... நேத்து என்னை 'நீங்க'ன்னார்க்கா. 'அம்மா, நீங்க யார் வீட்டுப் பொண்ணோ, இதை எடுத்துட்டுப் போயிடுங்க'ன்னார்."

"நாலு மணிக்கு டாக்டர் வர்றார். இன்னைக்கும் குடிக்கலைன்னா மூக்குல குழாய்தான். என் பஸ் ரெண்டு அஞ்சுக்கு. மணி இப்பவே பன்னெண்டரை... என்னது? தனித்தனியாவா? எதுக்கு?... சரி. சரி, நீ நானூறு பிள்ளைங்களுக்கு ஆக்கிப்போடுறவ, நீ சொன்னா கேக்குறேன்."

மூன்று குவளை எடுத்தாள். மூன்றிலும் பால் ஊற்றினாள். ஒன்றில் மாச்சா தூள், ஒன்றில் மசித்த வாழைப்பழம், ஒன்றில் மசித்த கிவி. எல்லாமாகச் சேர்ந்து கசந்தால் குற்றவாளி யார் என்று தெரியாது. பிரித்து வைத்தால் தப்பிக்க முடியாது. அதுதான் அக்காவின் கணக்கு.

"கலக்கிட்டேன். மூணும் நல்லாத்தான் இருக்கு... இருபது நிமிஷமா? அவ்வளவு நேரம் நான் என்ன பண்ணுவேன்?... வேண்டாம், போனை வைக்காதே. நீ அண்டாவைக் கழுவு, நான் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றாள். ஷிமாதாவின் தேயிலை ஆலையில் முப்பத்தாறு வருஷம் உழைத்த அப்பாவின் நாக்கு அது. மனசு குழம்பினாலும் நாக்கு குழம்பவில்லை. அவர் கசக்கிறது என்றால் கசக்கத்தான் செய்தது.

"அக்கா... அக்கா, இருக்கியா? மாச்சா சரியா இருக்கு... வாழைப்பழமும் சரி... கிவி... த்தூ! இதுதான்! கிவிதான்!... அதெப்படிக்கா? இதே பழத்துல மிச்சம் பாதி இங்க இருக்கு, தின்னு பார்த்தேன், சர்க்கரை. பாலும் நல்ல பால். ரெண்டு நல்லவங்க சேர்ந்தா இப்படியா?"

"ம்... ம்... மெதுவா சொல்லு. பச்சைக் கிவியில ஒரு சத்து இருக்கு... அது பாலோட புரதத்தைத் துண்டு துண்டா வெட்டுது... அந்தத் துண்டுதான் நாக்குல கசக்குதா? ஓ... நேரம் ஆக ஆக வெட்டிக்கிட்டே இருக்கும்... அதான் வீட்டுல இனிப்பு, பஸ்ஸுல கசப்பு! அட கடவுளே, மூணு வாரமா நான் பால்காரரைத் திட்டிக்கிட்டிருக்கேன்."

ஒரு கணம் சிரித்தாள். அடுத்த கணமே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அங்க போய் அடிச்சாலும் பிரயோஜனம் இல்லைக்கா. ஒரு டம்ளர் குடிக்க அவருக்கு ஒரு மணி நேரம். முதல் வாய் இனிக்கும், பாதியில கசக்கும். 'ஏமாத்திட்டே'ம்பார். அதுக்குக் குழாயே மேல்... என்ன ஜெல்லி? இப்ப எதுக்கு ஜெல்லி?... ஆமா, பச்சைக் கிவி போட்டா ஜெல்லி உறையாது, பாக்கெட்டுலயே போட்டிருக்கான். உங்க ஸ்கூல்ல டின் பழம்தானே போடுவீங்க... டின்னுல அடைக்கிறதுக்கு முன்னாடி வேகவைப்பாங்க..."

அவள் மிச்சமிருந்த கிவியைக் கையில் எடுத்தாள். அந்தப் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் சத்தம் நின்றிருந்தது.

"வேகவச்சா அந்த வெட்டுற சத்து செத்துடுமா?... அக்கா, இதைத்தானே அப்பா தினமும் பண்ணினார்? இலையைப் பறிச்ச கையோட ஆவியில காட்டலைன்னா அது தானாவே மாறி, பழுப்பாகி, பச்சைத் தேயிலையாவே இருக்காது. அதை நிறுத்தத்தானே ஆவி... ஆமா! ஆமா! இரு, பாத்திரத்தை வைக்கிறேன்."

இட்டிலிக்கு வைப்பதுபோல் தட்டில் கிவித் துண்டுகளை அடுக்கி, அடியில் தண்ணீர் கொதிக்கவிட்டு மூடினாள். பழம் ஆலிவ் நிறத்துக்கு மங்கியது.

"நிறம் போச்சு... பரவாயில்லை, மாச்சா பச்சை குடுத்துடும்... இல்லக்கா, மாச்சாவைச் சூட்டுல போடுவேனா? அதோட பச்சையும் போயிடும். ஃபிரீசர்ல ஆறவச்சுட்டுத்தான் அடிக்கப்போறேன்."

மிக்ஸி ஓடி நின்றது. ஒரு குவளையை மேசை நடுவில் வைத்தாள். ஐந்து நிமிஷம். பத்து. ஒவ்வொரு தடவையும் சிறு கரண்டியால் எடுத்து நாக்கின் கடைசிவரை தள்ளினாள். கசப்பு இருந்தால் அங்கே தங்கும்.

"இருபது நிமிஷம் ஆச்சு... ஒண்ணும் இல்லை. இன்னும் கொஞ்சம் பொறு... அரை மணி. அக்கா, இனிக்குது. சத்தியமா இனிக்குது... நான் அழுறது உனக்கு எதுக்கு, நீ பாத்திரத்தைப் பாரு... மணி ஒண்ணே முக்கால்! ஓடணும். அவர்கிட்ட உண்மையையே சொல்லப்போறேன். 'மருந்து கலக்கலைப்பா, பழத்தை ஆவி காட்டினேன்'னு. அது அவருக்குப் புரியும்... புரியணும்."

"வியாழக்கிழமை நீ போறியா? நிஜமாவா?... சரி, எழுதிக்கோ. கிவியைத் தோல் சீவி நறுக்கி, மூணு நிமிஷம் ஆவியில நல்லா வேகவை. முழுசா ஆறவிடு. அதுக்கப்புறம் பால், வாழைப்பழம், மாச்சா சேர்த்து அடி. ஒரு மணி நேரம் ஆனாலும் கசக்காது. வைக்கிறேன்."