ஊதா ஷாம்பு

அல்சூரில் பேருந்து ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பேச்சிலிருந்து அக்கா தங்கை என்று தெரிந்தது. அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை. ப்ளீச் செய்த தலைமுடி பொன்னிறமாக மின்னியது.

"முடிக்குப் போய் யாராவது ஊதா ஷாம்பு போடுவாங்களாக்கா?" என்று தங்கை கேட்டதும் என் காது அந்தப் பக்கம் போய்விட்டது.

"வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடறோம்ல, அதே மாதிரிதான். மஞ்சள் அடிக்காம பாத்துக்கும். வாரத்துக்கு ஒருவாட்டி போட்டா அடுத்து பார்லர் போற வரைக்கும் தாங்கும். குளிக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் வச்சிடணும், இல்லன்னா தொடப்பம் மாதிரி ஆயிடும்."

தங்கை கொஞ்சம் தயங்கினாள். "அண்ணன் சொல்லச் சொன்னாரு. அவர் பொண்ணு கல்யாணத்துக்கு நீ கருப்பு அடிச்சிட்டு வரணுமாம். மாமா போய் ஒரு வருஷம்தான் ஆச்சு, ஜனங்க பேசுவாங்களாம்."

"அவரு போனப்ப பூ வைக்காதன்னீங்க, வைக்கல. பொட்டு வேணாம்னீங்க, சரின்னேன். முடியில கை வைக்க விடமாட்டேன்." அக்காவின் குரல் உயரவே இல்லை. "இந்தக் கலர் அடிச்ச பிறகுதான் கண்ணாடி பாத்தா அழுகை வராம இருக்கு."

தங்கை கை நீட்டி அக்காவின் முடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அண்ணா, அக்கா இப்படியேதான் வருவா. கல்யாண போட்டோல என் பக்கத்துல நிப்பா. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு எடுத்துக்கோங்க."