சாக்கைத் தூக்கப் போனவள்

வனிதா, உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தத் தாளை யாரிடமும் காட்டிவிடாதே. நாளை ஆண்டு விழாவில் நான் பேசப்போவது இது. பிழை இருந்தால் திருத்து. எங்கள் அப்பா கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. வீட்டில் கேட்கத் தைரியம் இல்லாததால்தான் மேடையில் கேட்கப்போகிறேன். இத்தனை பேர் நடுவில் அவர் என்னை அதட்டமாட்டார் அல்லவா? எல்லாரும் தூங்கியதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து கோணலாக இருக்கும்.

இனிப் பேச்சு.

கழுத்தில் மப்ளர் சுற்றியும் கம்பீரம் குறையாமல் வீற்றிருக்கும் அவைத் தலைவர், தலைமையாசிரியை அவர்களே! கோத்தகிரிப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, இங்கே உட்கார இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் பெரியோர்களே! காலை முழுதும் தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல்களோடு கைதட்டக் காத்திருக்கும் தாய்மார்களே! இவர்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் என் தந்தை பாண்டியன் அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வலிமை என்பது எது? கல்லைத் தூக்குவதா? கட்டையைத் தூக்குவதா? கனத்த கம்பியைத் தூக்கிக் கண்ணாடி முன்னால் நிற்பதா? அப்படித்தான் நானும் நம்பினேன். நம்பினேன், விழுந்தேன்! பின்வரிசை அண்ணன்மார்களே, சிரிப்பை மிச்சம் வையுங்கள், விழுந்த கதையை இன்னும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு கோ-கோ அணியில் சேர ஆசைப்பட்டேன். அதற்கு உடம்பில் பலம் வேண்டுமே! எங்கள் எஸ்டேட்டில் கனமான பொருள் எது? இலைச் சாக்கு. நிறுவைக் கொட்டகைக்குப் போய்க் காலையில் ஒரு சாக்கைத் தூக்கினேன். தூக்கிவிட்டேன்! அந்தப் பெருமையில், மதியம் என் தோழி வனிதாவைச் சாட்சிக்கு அழைத்துப் போனேன். நடுவில் ஒரு மழை பெய்ததை மறந்தேபோனேன். வெயிலில் பறித்த இலையின் கனம் வேறு, மழையில் பறித்த இலையின் கனம் வேறு. இங்குள்ள தாய்மார்கள் அத்தனை பேரும் அறிவார்கள். அவர்கள் பெற்ற மகள் அறியவில்லை! நனைந்த சாக்கைக் கட்டிப்பிடித்தேன், இழுத்தேன், சரிந்தேன். சாக்கு என்மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

இலை நிறுக்கும் தேவநேசன் அண்ணன் ஓடிவந்தார். “ஏம்புள்ள, அதென்ன கம்பளியா? போத்திப் படுத்திருக்கே?”

வனிதா விடுவாளா? “எந்திரிக்கவே என் கையப் புடிக்கிற. உன்னையே உன்னால தூக்க முடியல, இதுல சாக்கு வேறயாடி?”

நான்கு நாள் இடுப்புக்கு யூகலிப்டஸ் தைலம். ஐந்தாம் நாள் அப்பா வாய் திறந்தார். ஃபேக்டரியில் தேயிலை மூட்டை சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கிப்போனவர் அவர். “இனி வெளையாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். பாரந் தூக்குற பொழப்பு என்னோட போகட்டும்மா.” கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். குரல் உடைந்து சொன்னார். தலையாட்டிவிட்டேன்.

ஆனால் பெரியோர்களே, வனிதா கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கென்று நாற்பத்தொரு கிலோ இருக்கிறதே! அதைத் தூக்கக் கொட்டகை வேண்டுமா? கம்பி வேண்டுமா? யாருக்கும் தெரியாமல் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுத்தேன். சுவர் பழகியதும் வாசற்படி. படி பழகியதும் தரை. தரையில் முதல் நாள் மூக்குதான் இடித்தது. இன்று இருபத்திரண்டு எடுக்கிறேன்! அப்புறம் உட்கார்ந்து எழுந்தேன். ஆசிரியப் பெருமக்களே, வீட்டுப்பாடம் எழுதாத நாள்களில் நீங்கள் அள்ளி வழங்கிய தோப்புக்கரணங்கள் வீண்போகவில்லை! தண்டனை என்று தந்தீர்கள். தொடைக்குப் பலமாக வாங்கிக்கொண்டேன். நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை செங்குத்துப் படிகள். நடந்து ஏறியதை ஓடி ஏறினேன். இடுப்பு வலிக்கவில்லை. இருமல்கூட வரவில்லை!

விளைவு? பள்ளியில் நடந்த தேர்வில் வீட்டுக்குச் சொல்லாமல் ஓடிக் காட்டினேன். மாவட்டக் கோ-கோ அணியில் என் பெயர் இருக்கிறது. கோயம்புத்தூரில் பத்து நாள் பயிற்சி. தந்தையின் கையெழுத்துக் கேட்கும் சம்மதக் கடிதம் ஆறு நாளாக என் பைக்குள் மடிந்து கிடக்கிறது. இன்று மாலையோடு கெடு முடிகிறது.

அப்பா! உங்கள் சொல்லை நான் பாதிதான் மீறினேன். பாரம் எதையும் தூக்கவில்லை. உங்கள் மகளைத்தான் தூக்கினேன். இவளை நான் கீழே போடமாட்டேன். நம்பிக் கையெழுத்துப் போடுங்கள்!

தோழியரே, உங்களுக்கும் ஒரு சொல். உடம்பு உங்களுடையது, தரை எல்லாருடையது. எழுந்திருங்கள்! வெட்கம் தடுத்தாலும் எழுந்திருங்கள்! பயம் பிடித்து இழுத்தாலும் எழுந்திருங்கள்! கேட்க வேண்டியவர் முகத்தைப் பார்த்துக் கேட்க எழுந்திருங்கள்! குளிரில் பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியும்

வனிதா, கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். “இன்னும் வெளக்கு எரியுதே, உள்ள என்னம்மா பண்ற?” என்கிறார். ஊருக்கெல்லாம் எழுந்திருங்கள் என்று எழுதிவிட்டு நான் எப்படி விளக்கை அணைப்பது? மேடைவரை எதற்கு? சம்மதக் கடிதத்தைக் கையில் எடுத்துவிட்டேன். திறக்கப் போகிறேன்.