அறிக்கையின் முதல் வரி

வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கிறவனை எங்கள் சிலமலை கிராமத்தில் யாரும் வேலை பார்க்கிறவனாக மதிப்பதில்லை. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறப் போகும் பக்கத்து வீட்டு அன்னக்கொடி, என் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார்.

“ஏப்பு, பொட்டியவே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்கியே, அது ஒன்னையக் கட்டிக்கிறேன்னு சொல்லிருச்சா?”

“சோலி கெடக்கு ஆத்தா.”

“நல்ல சோலி. முதுகு நோகாத சோலி.”

பார்ப்பதுதான் என் வேலை. போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில் எங்கள் நிறுவனம் மழைமானிகள் வைத்திருக்கிறது. அவற்றுக்கென்று தனி சர்வர் கிடையாது. வாடகைக்கு எடுத்த கிளவுடில் சின்னச் சின்னக் கணினி நிரல்கள் தூங்கிக் கிடக்கும். மழை எல்லை தாண்டினால் ஒரு நிரல் விழித்து, நாற்பத்து மூன்று ஜீப் ஓட்டுநர்களை வரிசையாகப் போனில் அழைத்து, மேலே ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். இந்த நிரல்களின் அமைப்புகள் விதிப்படி இருக்கின்றனவா என்று தினமும் சரிபார்ப்பேன். தவறானதைச் சிவப்பில் காட்டிக் காலை ஆறு மணிக்கு அறிக்கை அனுப்புவேன். நான்கு வருடம் அனுப்பினேன். யாரும் படிக்கவில்லை.

நிரல் எழுதும் வினோத்குமாரிடம் சொன்னால், “ஓடுதுல்லண்ணே? ஓடுறதப் போயி ஏன்ணே நோண்டுறீங்க?” என்பான். மேலாளர் அருணா தன்மையானவர். “சிவப்பா இருந்தா ஆடிட்ல கேப்பாங்க. விதிவிலக்குன்னு போட்டுப் பச்சையாக்கிருங்களேன்” என்பார். ஆக்கினேன்.

கண்காணிப்பவனுக்கு எதையும் மாற்றும் அனுமதி இருக்கக் கூடாது என்பதும் ஒரு விதி. எனக்கு அது தவறுதலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதையும் நானேதான் பதினான்கு மாதமாகச் சிவப்பில் காட்டிவந்தேன். யாரும் பறிக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் ஒரு சோதனை செய்தேன். எச்சரிக்கும் நிரல் ஓடுவதற்கு அறுபது வினாடி விட்டிருந்தார்கள். அதை மூன்றாக்கினேன். மூன்று வினாடிக்குள் ஆறு பேருக்குத்தான் அழைப்பு போகும். ஏழாவது பெயருக்கு வருமுன் நிரல் நின்றுவிடும். கோடையில் செய்திருக்கலாமே என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். மழையில்லாத நாளில் செய்தால் அது சோதனையே இல்லை.

நான் எதையும் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அறிக்கையின் முதல் வரியே அதுதான்: நேர வரம்பு மூன்று வினாடி, முப்பத்தேழு ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கை போகாது. மாற்றியது யார் என்ற இடத்தில் என் பெயரையே எழுதினேன். பதினோரு நாள் அதே வரி. ஒருவர் ஏன் என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே பழையபடி மாற்றியிருப்பேன். ஐந்தாம் நாள் அருணாவிடமிருந்து பதில் வந்தது. உடனே திறந்தேன். தீபாவளிக்கு யார் யாருக்கு விடுப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார்.

ஓட்டுநர் வரிசையிலும் ஒரு மாற்றம் செய்தேன், உண்மைதான். என் தங்கை ஜோதியின் கணவன் தங்கபாண்டி இருபத்திரண்டாவது இடத்தில் இருந்தான். அவனை இரண்டாவதாக வைத்தேன். அதற்கும் சோதனைக்கும் சம்பந்தமில்லை.

பன்னிரண்டாம் நாள் விடியலில் மழை எல்லை தாண்டியது. நிரல் விழித்தது, ஆறு பேரை அழைத்தது, நின்றது. சற்று நேரத்தில் தங்கபாண்டி போன் செய்தான்.

“மச்சான், ஒங்க கம்பெனி போனு வந்துச்சு. மலையடிவாரத்துல, முந்தல்லயே வண்டிய ஓரங்கட்டிட்டேன். கன்னையண்ணன் மட்டும் ஆளுகள ஏத்திக்கிட்டு விர்ருன்னு மேல போறாரு. அவருக்கு வரலியோ என்னமோ. அவரு புது நம்பரு எங்கிட்ட இல்ல. வெரசா நீ ஒண்ணு போட்டுச் சொல்லிரு. நாலு வளைவு வரைக்கும் டவர் எடுக்கும்.”

“பாத்துக்கிறேன்” என்றேன்.

கன்னையனின் எண் திரையிலேயே இருந்தது. அன்னக்கொடி ஏறுவது அவருடைய ஜீப்பில்தான் என்பதும் எனக்குத் தெரியும். நாலு வளைவு ஏற ஏழு நிமிடம் ஆகும். அந்த ஏழு நிமிடமும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வளைவில் மண் சரிந்து மூடியபோது ஜீப்பில் பதினாறு பேர் இருந்தார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆறு மணிக்கு வழக்கம்போல அறிக்கையை அனுப்பினேன்.

ஏன் அழைக்கவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அழைத்திருந்தால் கன்னையன் திரும்பியிருப்பார். எல்லாரும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். எல்லாரும் வீட்டுக்கு வந்துவிடுகிற நாளில் அறிக்கையை யார் திறப்பார்கள்?

இப்போது சென்னையில் விசாரணைக்கென்று எட்டுப் பேர் உட்கார்ந்து, நான்கு வருட அறிக்கைகளையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்களாம். நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவற்றில் என் பிழை என்று ஒன்றுகூட இருக்காது.