ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்

உங்கள் நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை. சாயும்போதெல்லாம் ஆடுகிறது. ஒரு அட்டைத் துண்டை மடித்து அடியில் செருகினால் போதும், வருடக்கணக்கில் தாங்கும். நானே செருகித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறீர்கள். சரி. பழுதான பொருளைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார எனக்கு வராது, அவ்வளவுதான்.

நான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற மெக்கானிக். டயர், பெயின்ட், பேட்டரி எதையும் தொடமாட்டேன். கியர் தானாக மாற வேண்டிய வண்டியில், கியர் தன் இஷ்டத்துக்கு மாற ஆரம்பித்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். 'கியர் டாக்டர்' என்று எனக்கு ஒரு பட்டம்கூட உண்டு. நானாகப் போர்டு எழுதி மாட்டிக்கொண்டதில்லை, ஊர் வைத்தது.

மனைவி போய்ச் சேர்ந்தபோது என் மகள் சின்னப் பெண். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுவாள். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பேன். அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து டார்ச் பிடிப்பாள். வாய் ஓயாது. டீச்சர் யாரைத் திட்டினார், யார் டப்பாவை யார் ஒளித்து வைத்தது, எல்லாம் வரும். பேச்சு வேகம் பிடித்தால் டார்ச்சும் சேர்ந்து ஆடும். "வாய் ஆடட்டும்மா, கை ஆடக் கூடாது" என்பேன். நாளாக நாளாக, வண்டி வாசலில் நுழையும் சத்தத்திலேயே எந்த கியர் இழுக்கிறது என்று சொல்கிற அளவுக்கு அவளுக்குக் காது பழகிவிட்டது. நான் சம்பாதித்த சொத்து என்றால் அவள் ஒருத்திதான்.

மாப்பிள்ளையைத் தரகர் யாரும் கொண்டுவரவில்லை. அவருடைய பிக்கப்தான் கொண்டுவந்தது. கண்ணாடி ஏற்றுகிற வண்டி அது. ஜன்னல் கண்ணாடி, கடைக் கண்ணாடி, ஆளுயர நிலைக்கண்ணாடி எல்லாம் பின்னால் நிறுத்திக் கட்டிக்கொண்டு போவார். பச்சைக் குழந்தை தூங்குகிற தொட்டிலை நகர்த்துகிற மாதிரி ஓட்டுவார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. இவர் கையில் கொடுத்தால் என் மகளுக்கு ஒரு கீறல் விழாது என்று தோன்றியது. என் கணக்குத் தப்பவில்லை. அவளை அவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. தங்கமான மனிதர், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகி அவர் ஊருக்குப் போனாள். மலையைத் தாண்டி, அரை நாள் ஓட்டம். முதலில் அடிக்கடி வந்தார்கள். பிறகு எப்போதாவது. பிறகு போனில், "அடுத்த வாரம் கண்டிப்பா வர்றோம்பா" மட்டும் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இளசுகள், அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஆனால் பேச ஆளில்லாத வீட்டில் வாய் மட்டும் சாவதில்லை சார், காதும் செத்துப்போகும். ஒருநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கும்போது, அன்று காலையிலிருந்து நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது உறைத்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வாயைத் திறந்து "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். கேட்டு வாங்கிப் பழக்கமில்லை எனக்கு.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது பிக்கப்பின் கியர்பாக்ஸில் ஆயில் மாற்றினேன். மாற்றும்போது, வேகத்தைக் கணக்கெடுத்துச் சொல்கிற சென்சாரின் ஒயரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். நன்றாகச் சூடேறினால் தொடர்பு விட்டுவிட்டு வரும். அப்போது கியருக்குத் தலைகால் புரியாது. இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவும், உடனே இரண்டுக்கு இறங்கும், முன்னால் போகிறவனைச் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு இழுப்பு இழுக்கும். கடைசியில் மூன்றிலேயே போய் நின்றுகொள்ளும். ஆபத்து ஒன்றுமில்லை, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். என்னிடம்தான் வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்?

மகள் கிண்டல் செய்வாள். "இவருக்கு என் மேலகூட சந்தேகம் வரும்பா, உங்க மேல மட்டும் வராது. மாமா கை பட்டாதான் வண்டி அடங்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு." மாப்பிள்ளை சிரிப்பார். மூன்று நாள் தங்குவார்கள். நான் எல்லாவற்றையும் துடைத்துச் சரி செய்து, கிளம்புகிற அன்று மறுபடி துளி தளர்த்தி அனுப்புவேன்.

ஒருமுறை கியர் இழுத்த இழுப்பில் கண்ணாடிகள் சரிந்து உடைந்துவிட்டன. தடுக்கப் போய் மாப்பிள்ளையின் உள்ளங்கை கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டோடு வந்து நின்று, "தப்பு என்னுதுதான் மாமா, கயித்தை இறுக்கிக் கட்டல" என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மகள் அவருக்குச் சாப்பாட்டை ஊட்டிவிட்டாள். அந்த முறை ஒரு வாரம் இருந்தார்கள்.

பிறகு அந்த போன் வந்தது. "மாமா, ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன். கியர் கிறுக்குப் பிடிச்சா ஓரமா நிறுத்தி, சாவியை அணைச்சுத் திரும்பப் போட்டா சரியாகிடுது. இனிமே உங்ககிட்ட வந்து சேர்ற வரைக்கும் வழியில தொந்தரவு இல்ல." உண்மைதான். அணைத்துப் போட்டால் கியர்பாக்ஸ் பழசை மறந்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். அப்புறம் கேட்டார்: "ஓடிக்கிட்டிருக்கும்போதே அணைச்சுப் போடலாமா மாமா? கண்ணாடியோட நடுரோட்டுல நிறுத்த முடியறதில்ல." அந்த நேரம் பக்கத்தில் காம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. சரியாகக் காதில் விழவில்லை. "ம்" என்று சொல்லி வைத்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். சரி. காம்ப்ரஸரை நான் அப்போதே அணைத்துவிட்டிருந்தேன். ஏனென்றால் அந்த போனில் அவர் முதலில் சொன்ன விஷயம் வேறு. வெளிநாட்டில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, குழந்தை பிறந்ததும் மூன்று பேருமாகப் போய்விடுவோம் என்றார். நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான் காம்ப்ரஸரை அணைத்தேன். அதற்குப் பிறகுதான் சாவி விஷயத்தைக் கேட்டார். ஓடுகிற வண்டியில் சாவியை அணைத்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் ஓரிரு மிதிக்கு மேல் இறங்காது, கட்டையாகிவிடும். இது கியர் டாக்டருக்குத் தெரியாதா என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும். "ம், போடலாம் மாப்பிள்ளை" என்றேன்.

குழந்தைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்தார்கள். பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது என்று சொல்ல வந்தேன். அவர் ஊருக்குத் திரும்பிப் போய் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிக்கப்பை அங்கே இருக்கிற மெக்கானிக் ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருப்பாரே, சோடாபுட்டி என்பார்கள், அவர்தான். ஆக, அந்த வண்டி என்னிடம் வருவது அதுதான் கடைசி.

இந்த முறை நான் சென்சாரைத் தொடவில்லை. கியர் கம்பி போய் மாட்டுகிற இடத்தில் ஒரு கிளிப் உண்டு. பிளாஸ்டிக் பையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். அதை அரத்தால் கொஞ்சம் தேய்த்தேன். அதிர அதிர நழுவி, கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும், சக்கரத்துக்கு இழுவை போகாது. வண்டி நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார், நான் போய்க் கட்டி இழுத்து வருவேன், எல்லாம் கொஞ்சம் தள்ளிப்போகும். நான் நினைத்தது இவ்வளவுதான். மலை இறக்கத்தில் நியூட்ரலுக்கு விழுந்த வண்டி நிற்காதே, வேகமெடுக்குமே என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வி நியாயம்தான்.

காலையில் மகளும் கிளம்பி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வீட்டைக் காலி செய்யக் கூட இருக்க வேண்டுமாம். நான் கதவைத் திறந்து, "இறங்கும்மா. வண்டி இழுக்குற இழுப்புக்கு வயித்துப் பிள்ளையோட நீ போக வேண்டாம்" என்றேன்.

"நான் மெதுவா ஓட்டுறேன் மாமா."

"வேண்டாம் மாப்பிள்ளை. என் பொண்ணு இந்த வண்டியில ஏறக் கூடாது."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அவர், "மாமா சொல்றதும் சரிதான். நீ இரும்மா, நாலு நாள்ல ஓடி வந்துடுறேன்" என்று அவளைக் கைகொடுத்து இறக்கினார்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்கிறீர்கள், அந்தக் கிளிப் வெறும் தொந்தரவுக்குத்தானா, இல்லை அதற்கும் மேலா என்று. நான் ஒன்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். என் மகள் உட்காருகிற வண்டியில் நான் அப்படிச் செய்வேனா?

அவர் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்தார். "மாமா, நீங்களும் எங்களோட வந்துடுங்க. தனியா இங்க என்ன பண்ணப் போறீங்க? அங்க உங்களுக்கும் சேர்த்துத்தான் வீடு கேட்டிருக்கேன். அவகிட்ட இன்னும் சொல்லல, நீங்க சரின்னு சொல்லுங்க, அப்புறம் சொல்லிக்கலாம்." நான் கையிலிருந்த துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கிளிப்பை மாட்டி மூடிய பிறகு சொல்கிறார். முதல்நாளே சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை, அடியில ஒரு தடவை பார்த்துடுறேன்" என்றால் முடிந்தது, டீ ஆறுவதற்குள் மாற்றிவிடுகிற வேலை. மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "பார்க்கலாம், போயிட்டு வாங்க" என்றேன்.

பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். இறக்கத்தில் பிக்கப் ஒருமுறை உறுமியது, அப்புறம் எஞ்சின் சத்தமே இல்லை, சத்தமில்லாமல் நேராக வளைவுக்கு வெளியே போயிற்று என்றிருக்கிறார். மாப்பிள்ளை பழைய கோளாறு என்று நினைத்துச் சாவியை அணைத்திருக்கிறார். ஓடும்போதே அணைக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அணைத்திருக்கிறார். அவர் எதையும் என்னைக் கேட்காமல் செய்ததில்லை.

இன்று நீங்கள் சொல்லித்தான் எனக்கு ஒரு விஷயம் தெரியும். சோடாபுட்டி மெக்கானிக் அந்தத் தளர்ந்த ஒயரை வெகுநாளைக்கு முன்பே கண்டுபிடித்து மாப்பிள்ளையிடம் காட்டியிருக்கிறார். இது தானாகத் தளர்ந்ததில்லை, கை வேலை என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கு மாப்பிள்ளை சொன்னதை நீங்கள் படித்தீர்கள். "இருக்கட்டும்ணே, அதைச் சரி பண்ணிடாதீங்க. எங்களைப் பார்க்கணும்னா அவர் வேற எப்படிக் கூப்பிடுவாரு? வாயைத் திறந்து கேக்கமாட்டாரு, பாவம். என் பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம், வருத்தப்படுவா."

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி. இப்போது பரவாயில்லை.

அத்தனை தடவையும் தெரிந்தேதான் வந்திருக்கிறார். கையில் கட்டோடு வந்த அன்றும் தெரிந்திருக்கிறது. இப்படி ஒரு பிள்ளையை நான் பெற்றிருந்தால்கூட என்னை இவ்வளவு புரிந்துகொண்டிருக்காது. ஆனாலும் ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். வண்டி பழுது என்று தெரிந்தே ஒருவர் மலையில் ஓட்டிக்கொண்டு போகிறார் என்றால், அதில் அவர் பங்கும் கொஞ்சம் இல்லையா? அதையும் ஒரு ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள்.

கிளிப்பைத் தேய்த்தது நான்தான். சாவியை அணைக்கச் சொன்னதும் நான்தான். அவர் திரும்பி வரமாட்டார் என்று, மகளை இறக்கியபோதே என் மனதுக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

வீட்டில் இப்போது நாங்கள் மூன்று பேர். பேரனுக்கு அவருடைய காது, அவருடைய நிதானம். என் தோளில் போட்டால்தான் தூங்குகிறான். மகள் முன்போல் பேசுவதில்லை. 'அவரைத் தனியா அனுப்பிட்டேனே' என்று ஆரம்பத்தில் அழுதாள், இப்போது அதுவும் இல்லை. காலம் ஆற்றும். நொறுங்கிய வண்டியின் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு மனு கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்ஷூரன்ஸ்காரர்களாக இருக்கும். லாரிக்காரர் சொன்ன உறுமலை வைத்தே கியர் நியூட்ரலுக்கு விழுந்திருக்கிறது, அது தானாக விழாது என்று கண்டுபிடித்துக் கேட்கிற அளவுக்கு அவர்களில் யாருக்கோ கியர் தெரிந்திருக்கிறது.

இன்று காலை நான் இங்கே கிளம்பும்போது மகள் குழந்தையோடு கதவருகே நின்றாள். குழந்தையைக் கேட்டுக் கை நீட்டினேன், தரவில்லை. தூக்கம் கலைந்துவிடும் என்று நினைத்திருப்பாள். "உள்ளதைச் சொல்லிடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். கூடத்தில் அவளுடைய துணிகள் பெட்டியில் அடுக்கியிருந்தன. குழந்தைத் துணியும் இருந்தது. அலமாரியை ஒழித்துத் துடைக்கிறாள் போலிருக்கிறது, சின்ன வயதிலிருந்தே சுத்தம் பார்ப்பாள்.

எனக்கு என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள், நான் எதிர்த்துப் பேசமாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். நான் சொன்னது எதுவும் என் மகள் காதுக்குப் போகக் கூடாது. தாங்கமாட்டாள் சார். அவளுக்கு இப்போது என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.