மரத்துக்கு ஊற்றிய மருந்து

ஒரு பூங்காவுக்கு நிழலைவிட வண்டி நிறுத்துகிற இடம்தான் முக்கியம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரங்கூனில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் காற்று வாங்கக் காரில்தான் வருகிறார்கள். கேட்டால், மரங்களைப் பார்க்க வந்தோம் என்பார்கள். வண்டிக்கு இடம் இல்லையென்றால் அந்த மரங்களை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பூங்காவுக்குப் போய்விடுவார்கள்.

உட்கார், பவானி. அந்த பெஞ்சு காய்ந்துதான் இருக்கிறது. நீ கேட்டதை மட்டும் வெட்டிச் சொல்ல எனக்கு வராது. வழியோடுதான் வரவேண்டும்.

இந்தப் பூங்காவை நான் குத்தகைக்கு எடுத்து நாலு வருஷம் ஆகிறது. புல் வெட்டுவதும் குப்பை அள்ளுவதும் என் பாடு, நுழைவுச்சீட்டும் கடை வாடகையும் என் வரும்படி. எடுத்த புதிதில் இங்கே பாம்பும் சீட்டாட்டமும்தான் செழித்திருந்தன. நான் ராட்டினம் போட்டேன், கழிப்பறை கட்டினேன், செத்துப்போன குளத்தில் மீன் விட்டேன். உன் அம்மா எனக்கு முன்னாலேயே இங்கே இருந்தாள், வாசலோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில், இட்லிச் சட்டியும் டீக் கெட்டிலுமாக. பவுனம்மாள் அக்காவிடம் ஒரு நாளும் நான் வாடகை கேட்டதில்லை. இதை நீ மறந்துவிடக்கூடாது.

அந்த மரம்தான் இடைஞ்சல். அது போனால் இருபது கார் நிற்கும். பூங்கா இலாகாவுக்கு மனு எழுதினேன். பார்க்க வந்த அதிகாரி யோக்கியமானவர், டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பர்மா மரியாதையில் என் பேருக்கு முன்னால் கோ போட்டு, "கோ துரை, இது உங்க தாத்தா காலத்து மரம். உயிரோட இருக்கிற மரத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். செத்த மரம்னா சொல்லுங்க, அன்னைக்கே போடுறேன்" என்றார்.

என் அப்பா தெயின்ஜி பஜாரில் துணி விற்றவர். எதிராளி 'முடியாது' என்று சொல்லும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேள், எப்படி முடியும் என்பதையும் அவனே சேர்த்துச் சொல்லிவிடுவான் என்பார். அதிகாரி சொல்லிவிட்டார்.

களைக்கொல்லி வாங்கினேன். வேரில் ஊற்ற வேண்டும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆனால் ராத்திரியில் இலாகாவின் காவல்காரன் அந்த மரத்தடியில்தான் படுப்பான், விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை அக்கா அங்கிருந்து நகரமாட்டாள். அவள் அந்த மரத்தில் சிவப்புத் துணி சுற்றித் தேங்காய் கட்டியிருந்தாள். பர்மாக்காரர்களுக்கு அதில் நட் என்கிற தேவதை குடியிருந்தது, நம்மவர்களுக்கு முனியாண்டி. இரண்டு பேரும் ஒரே தேங்காயில் சண்டையில்லாமல்தான் இருந்தார்கள். அவள் காவல் இருக்கும்போது நான் போய் வேரடியில் நின்றால் என்னவென்று கேட்பாளா, மாட்டாளா?

அந்த வருஷம் வெயில் கொடுமை. இலை கொஞ்சம் பழுத்து உதிர்ந்தது. எல்லா வருஷமும் உதிர்வதுதான். ஆனால் அக்கா பயந்துபோய் என்னிடம் வந்தாள்.

"தம்பி, மரத்துக்கு என்னமோ ஆவுது. நீ நாலும் தெரிஞ்சவன். ஒரு மருந்து வாங்கிக் குடேன்."

நான் தேடிப் போகவில்லை, பவானி. வியாபாரம் தானாக என் கடை வாசலுக்கு வந்தது.

மறுநாள் ஒரு டின் கொண்டுவந்து கொடுத்தேன். வாடை தெரியக்கூடாது என்று மஞ்சளை நன்றாகக் கரைத்துவிட்டிருந்தேன். காலையில் கடை விரிக்குமுன் ஒரு செம்பு வேரில் ஊற்றுங்கள் என்றேன். அக்காவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. "மஞ்சத் தண்ணியா! சாமிக்கு ஏத்த மருந்தாத்தான் குடுத்திருக்கே. நீ நல்லா இருப்படா" என்று என் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து மரத்தடி தெரியும். அக்கா குளித்து, திருநீறு பூசி, செம்பால் ஊற்றினாள். மூன்று தடவை சுற்றினாள். பிறகு செம்பின் அடியில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் வார்த்துக் குடித்துவிட்டு, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டாள்.

தீர்த்தம். நம் ஆட்களில் யார்தான் குடிக்கமாட்டார்கள்? சாமிக்கு வார்த்த மஞ்சள் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு வந்த தமிழச்சியை நான் பார்த்ததில்லை. மஞ்சள் கரைக்கும்போது அது என் நினைவுக்கு வந்ததா என்று நீ கேட்பாய். வந்தது. வந்துவிட்டுப் போய்விட்டது.

அக்கா, குடிக்காதீர்கள் என்று கூப்பிடத்தான் எழுந்தேன். கூப்பிட்டால் ஏன் என்பாள். மருந்துதானே தம்பி என்பாள். அப்புறம் டின்னை மோந்து பார்ப்பாள், அதிகாரியிடம் போவாள், குத்தகை போகும். ஒரு உள்ளங்கைதானே, என்ன செய்துவிடும் என்று திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த நாள் நான் ராட்டினத்துப் பக்கமே போகவில்லை. எண்ணெய் போடவேண்டிய வேலையும் முடிந்திருந்தது.

எட்டாம் நாள் வாய் புண்ணாகிவிட்டது என்றாள். பத்தாம் நாள் இட்லி ஊற்ற அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு என் காரில் நான்தான் கூட்டிப்போனேன். நீ லைங் தாயா பாக்டரியில் ஷிப்டில் இருந்தாய், போன் எடுக்கவில்லை. டாக்டர் சின்ன வயசுப் பெண். "எதையாவது குடிச்சாங்களா? மருந்து, ரசாயனம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. பேர் தெரிஞ்சாத்தான் என்னால ஏதாவது செய்யமுடியும்" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் டீதான் குடித்தார்கள் என்றேன். அக்கா டீயும் குடித்தாள்தானே.

உன் அம்மாவுக்கு அப்போது பேச்சு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இன்னிக்கு மரத்துக்கு யாரு ஊத்துனா?" என்றாள்.

"நான் ஊத்திட்டேன்க்கா. நீங்க கவலைப்படாதீங்க."

அது பொய்யில்லை. ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் ஒன்பது நாள். காரியத்துக்கு விறகு, ஐயர், சாப்பாடு எல்லாம் என் செலவு. நீ என் தோளில் சாய்ந்து அழுதாய்.

மரம் செத்தது. அதிகாரி வந்து பார்த்து, வருத்தப்பட்டு, கையெழுத்துப் போட்டார். ஆனால் மரம் வெட்ட வந்தவர்கள் தேங்காயைப் பார்த்ததும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். கட்டியவர் கையாலோ, அந்த வீட்டு ஆள் கையாலோ இறக்கினால்தான் தொடுவோம், நட்டோடு விளையாட எங்களுக்கு உயிர் மிஞ்சிக் கிடக்கவில்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். இரண்டு மடங்கு கூலி சொல்லியும் அசையவில்லை. கட்டியவள் இல்லை. அந்த வீட்டில் நீ ஒருத்திதான்.

உன்னிடம் வந்தேன். புடவை, பணம், மரம் போன இடத்தில் உனக்கே ஒரு கடை, எல்லாம் சொல்லிப் பார்த்தேன். நீ எதற்கும் இறங்கவில்லை.

"எங்கம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும் மாமா. அதைச் சொல்லுங்க, இறக்குறேன். சொல்லலைன்னா அந்தப் பட்ட மரம் என் ஆயுசுக்கும் அப்படியே நிக்கட்டும்."

என் அப்பா இருந்திருந்தால் உன்னைத் தூக்கிக் கல்லாவில் உட்கார வைத்திருப்பார். எந்தச் சரக்கு வேண்டும் என்று சரியாகத் தெரிந்துகொண்டு கேட்டாய். நானும் யோசித்துத்தான் ஒத்துக்கொண்டேன். அம்மாவை எரித்தாகிவிட்டது, டின் ஆற்றில் போய்விட்டது. இங்கே இருப்பது நீயும் நானும்தான். நீ வெளியே சொன்னால், துக்கத்தில் பிதற்றுகிறாள் பாவம் என்று முதலில் வருத்தப்படப்போவது நான்தான்.

ஏணி மரத்தில் சாத்தியிருக்கிறது. ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், மழை வருமுன் முடிக்கவேண்டும். ஏன் அப்படிப் பார்க்கிறாய், பவானி? நான் யாரையும் ஏமாற்றுகிறவன் இல்லை. நீ கேட்டாய், ஒன்று விடாமல் சொன்னேன். அந்த டின்னில் என்ன இருக்கிறது என்று உன் அம்மா கேட்டிருந்தால் அவளிடமும் சொல்லியிருப்பேன். ஒரு நாள்கூட அவள் கேட்கவில்லை.