தலையணை வயிறு

எனக்குக் கொஞ்சம் நாடகப் பைத்தியம் உண்டு, இன்ஸ்பெக்டர் அய்யா. ஜப்பான்காரன் சண்டை முடிந்து, இருட்டடிப்பு போய், தூத்துக்குடியில் விளக்கு வெளிச்சம் திரும்பியதிலிருந்து, கொட்டகைக்கு எந்தக் கம்பெனி வந்தாலும் முன் பெஞ்சில் நான் இருப்பேன்.

கர்ப்பிணி வருகிற நாடகம் என்றால் ரொம்பப் பிடிக்கும். அதில் குழப்பமே கிடையாது. பிள்ளைத்தாய்ச்சி இடுப்பில் கைவைத்து அழுவாள். வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டாள். நல்ல புருஷன் அவள் காலைப் பிடித்துவிடுவான். கெட்டவன் சிரிப்பான், அவள் ஆசைப்பட்டதைத் தானே தின்பான். மூன்றாவதாக ஒரு ரகத்தை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

என் தங்கை தஸ்நேவிஸ் மாசமாக இருக்கிறாள். அவள் புருஷன் கஸ்பார் சங்கு குளிக்கிறவன். அவன் கடலுக்குள் இறங்கினால் தோணியில் கயிற்றைப் பிடிக்கிறவன் நான். எங்கள் கரையில் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலி அந்தக் கையில் இருக்கிறதே, அசர மாட்டான் என்று நம்பிக்கை.

இரண்டு பேரையும் நாடகத்துக்குக் கூட்டிப்போனேன். கர்ப்பிணி வேஷம் கட்டியவர் ஆண். வயிற்றுக்குத் தலையணை. அவர் மயங்கி விழுந்த கட்டத்தில் கொட்டகையே அழுதது. கஸ்பார் சிரித்தான். பக்கத்தில் என் தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். கூடப்பிறந்தவள் அழுவது எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு கவனித்தேன். அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்த மாங்காயை அவன் தின்றான். கோயிலுக்குப் போகிற வழியில், "ஏளா, வவுறு முன்னால போவுது, நீ மெதுவா வா" என்றான்.

"உங்களுக்கு வவுறு இல்லாமலே பின்னாலதான வாரிய" என்றாள்.

வலியை மறைக்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

கெட்ட புருஷனும் கடைசி அங்கத்தில் திருந்துவான். சாவு பக்கத்தில் வந்ததும் பெண்டாட்டி பேரைச் சொல்லி அழுவான். கஸ்பாருக்கு அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை கடல் தெளிவாக இருந்தது. "மச்சான், நாடகத்த நெனச்சிக்கிட்டுத் தூங்கிராதிய" என்று சொல்லிவிட்டு இறங்கினான். கயிறு அசைந்தது. அசைந்தால் இழுக்க வேண்டும். இடுப்பில் கட்டிய சங்குப் பை கனத்துவிட்டால் குளிக்கிறவன் தானாக எழும்ப முடியாது. கொஞ்சம் பொறுத்தேன். மறுபடி அசைந்தது, பலமாக. தோணியில் மற்றவர்கள் அவரவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் கயிற்றை யாரும் பார்ப்பதில்லை. கஸ்பாரின் கயிறு சும்மா ஆனபிறகு இழுத்தேன். பை நிறையச் சங்கு.

நீரோட்டம்தான் ஆளைக் கொன்றது என்றார்கள் எல்லோரும். நான் மறுக்கவில்லை.

தங்கை கரையில் நின்றாள். மயங்கி விழுவாள் என்று தாங்கிப் பிடிக்கப் போனேன். விழவில்லை.

"அண்ணே, கயிறு ஆடுச்சா இல்லியா?"

என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பதறி இழுத்தவன் கையைக் கயிறு சிராய்த்திருக்கும். என் கை சுத்தமாக இருந்தது.

"அன்னிக்கி கொட்டகையில நானுந்தான் சிரிச்சேன். தலாணி நழுவுதுன்னு அவுகதான் காட்டுனாக. மாங்கா எனக்கு ஓங்கரிச்சுது, நாந்தான் அவுகளத் திங்கச் சொன்னேன்" என்றாள். அப்புறம் அவளே நடந்து உங்களிடம் வந்தாள்.

துக்கத்தில் பேசுகிறாள், அய்யா. அப்படிச் சிரிக்கிற கர்ப்பிணியை நான் பார்த்ததில்லை.

கயிறு ஆடியது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். கடைசி அங்கத்தில் தொட்டில் கட்டுகிறவன் தாய்மாமன்தான்.