பொன்னாடைக்குப் பதிலாக ஒரு தோல் வாளி

ஒலிவாங்கியை என் கையில் தரும்போதே ‘சுருக்கமாகப் பேசு’ என்று கண்ணால் சொன்ன அவைத்தலைவர், குடியிருப்போர் சங்கத்தின் கார்த்திகன் ஐயா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மேன்மைமிகு பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கத் தொடங்கியிருக்கும் அதே தாய்மார்களே! கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ் பிடித்து இங்கே வேலைக்கு வரும் கிளைவ் அண்ணன் அவர்களே! தனக்கான பாராட்டு விழாவிலேயே கடைசி வரிசையில் போய் ஒளிந்திருக்கும் ஹபீலா ஆன்ட்டி அவர்களே! பொகவந்தலாவையில் பிறந்து, வெள்ளவத்தைச் சைவக்கடையில் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டும் இந்த இராமரின் பணிவான வணக்கம்.

இந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியை அண்ணாந்து பாருங்கள்! பழைய பெயின்ட் வாளியிலே வல்லாரை. மீன் வந்த வெள்ளை நுரை ரெஜிஃபோம் பெட்டியிலே பொன்னாங்காணி. தண்ணீர்த் தாங்கியைச் சுற்றிக் கொடித்தோடைப் பழக்கொடி. வெயிலில் வெந்து, வாளி சுமந்து, வளர்த்தவர் யார்? ஹபீலா ஆன்ட்டி! வளர்த்ததை விற்றாரா? இல்லை. வீட்டுக்குள் வைத்தாரா? இல்லை. கேற்றடியில் ஒரு மேசை போட்டார். வேண்டியவர் வேண்டியதை எடுங்கள், விலை கிடையாது என்றார்.

எடுத்தோமா? அங்கேதான் நாங்கள் கூத்தடித்தோம்! கிளைவ் அண்ணன் ஒரு பிடி வல்லாரை எடுத்தார். மறுநாள் காலையில் சந்தைக்குப் போய், காசு கொடுத்துப் புடலங்காய் வாங்கி வந்து மேசையில் வைத்தார். அந்தப் புடலங்காயை எடுத்தவர் தக்காளி வாங்கி வைத்தார். தக்காளியை எடுத்தவர் கத்தரிக்காய் வாங்கி வைத்தார். இலவச மேசையால் சந்தை வியாபாரிக்கு யோகம் அடித்த கதை, உலகத்தில் வேறெங்காவது உண்டா?

என்ன கிளைவ் அண்ணே, தலையைக் குனியிறீங்க? நீங்க மட்டுமா, முழு வெள்ளவத்தையும் அப்படித்தானே!

ஏன் அப்படி? நோன்புக் கஞ்சி வந்த சட்டியை இங்கே யாராவது வெறுமையாகத் திருப்பி அனுப்பியதுண்டா? பொங்கல் போன கிண்ணத்தில் வட்டிலப்பம் வரும். வட்டிலப்பம் வந்த கிண்ணத்தில் தீபாவளி முறுக்கு போகும். வெறும் பாத்திரத்தை நீட்ட எங்களுக்குக் கை கூசும். நல்ல பழக்கம்தான். ஆனால் திருப்பி வைக்க எதுவுமே இல்லாதவன் என்ன செய்வான்?

அவன் எதிர்ப்பக்கத்து நடைபாதையால் போவான். நான் போனேன், ஐயா.

அப்போது என் மனைவி துஷ்யந்திக்கு வயிற்றில் பிள்ளை. ரத்தம் குறைவு, கீரை நிறையச் சாப்பிட வேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மாடிப்படி ஏறும்போதே அவளுக்குக் கண் இருட்டும். ஒருநாள் கேட்டாள்: “ஏங்க, அந்த மேசையில சும்மாதானே வச்சிருக்காங்க. ஒரு பிடி எடுத்துட்டு வந்தா என்னங்க?”

“திருப்பி வைக்க நம்மகிட்ட என்னா இருக்கு?” என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையை விடவா என் வீம்பு பெரிது? தெரிந்தும் கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாள் கடைக் கழிவு வாளியைத் தூக்கிக்கொண்டு அதே எதிர்ப்பக்கத்தால் போகிறேன். வீதியைக் கடந்து வந்து வழிமறித்தார் ஹபீலா ஆன்ட்டி.

“எனத்துக்கு மகன் எந்த நாளும் அந்தப் பக்கத்தால ஓடுற?”

“ஒண்ணுமில்லீங்க ஆன்ட்டி.”

“வாளியில எனத்த ஈக்கிது?”

“குப்பைங்க. வாழைக்காத் தோலு, உருளக்கெழங்குத் தோலு.”

“குப்பையிண்டு சொல்லாத! மேல என்ட மண்ணு சத்தில்லாம வெளுத்துப் போய் ஈக்கிது. அதத் தந்துட்டு கீரைய எடு. இன்டைக்கி மட்டும் தந்தாச் சரிவராது, நாளைக்கும் வேணும்!”

கேட்டீர்களா, தாய்மார்களே! பாவம் என்று பார்த்தாரா? தானம் என்று தந்தாரா? கேட்டார் ஐயா, என்னிடம் கேட்டார்! தலை குனிந்து போனவனிடம் தனக்கு வேண்டியதைக் கேட்டு, அவனைத் தலை நிமிர வைத்தார். அன்று ஒரு கட்டுப் பொன்னாங்காணியோடு நேரே வீட்டுக்குப் போனேன். துஷ்யந்தி அதை வாங்கி, மடியில் வைத்து ஆயத் தொடங்கினாள்.

அடுத்த கிழமையே எல்லோருக்கும் ஆன்ட்டி கட்டளை போட்டார்: சந்தை மரக்கறி இனி இந்த மேசைக்கு ஆகாது, தோலைக் கொண்டு வா, கீரையைக் கொண்டு போ! தோல் இல்லாத வீடு கொழும்பில் உண்டா? பணக்காரன் உரித்தாலும் தோல், பாமரன் உரித்தாலும் தோல்! கிளைவ் அண்ணன் கொட்டாஞ்சேனையிலிருந்தே பையில் கட்டிக்கொண்டு வருகிறார். அந்த வாசத்துக்குப் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டும் அவருக்கே கிடைக்கிறதாம்!

துஷ்யந்திக்கு ரத்தம் ஏறியது. பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. அதோ, கடைசி வரிசையில் ஹபீலா ஆன்ட்டியின் மடியில் உட்கார்ந்து அவருடைய கண்ணாடியைப் பிடுங்குகிறாளே, அவள்தான்! தட்டுங்கள் கையை! நன்றாகத் தட்டுங்கள்! அந்தக் கன்னத்தின் சிவப்பு இந்த மாடியில் விளைந்தது.

தலைவர் பொன்னாடையை நீட்டுகிறார். ஐயா, கோபிக்காதீர்கள். பொன்னாடை போர்த்துவது பற்றி இன்று காலை துஷ்யந்தியைக் கேட்டேன். “ஆன்ட்டிக்குப் பொன்னாட எதுக்குங்க? மண்ணுக்கா போத்தப் போறாங்க?” என்றாள். அதனால் கடைக்கு வந்து, பூசணித் தோலும் கரட் தோலும் வாழைப்பூ மடலும் தன் கையாலேயே அள்ளி ஒரு வாளியை நிரப்பினாள். இதோ வருகிறாள், வாளியோடு!

ஹபீலா ஆன்ட்டி, எழும்பி வாருங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். பொறுமையாகக் கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம், ஸலாம், சிங்களத்திலே போஹோம ஸ்துதி. வாளியைப் பிடியுங்கள் ஆன்ட்டி. நாளைக்கும் கொண்டு வருவேன்!